ஈசானிய மூலைச் சுவர்

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. வருஷப்பிறப்பும் அதுவுமாகக் கோபப்படக்கூடாது என்று காலையில் குளிக்கும்போதே நினைத்துக்கொண்டேன். மதியச் சாப்பாடு வரைக்கும் தாக்குப்பிடித்தேன்.

கோமதிநாயகமும் வடிவும் சாப்பிட வந்தார்கள். கோமதி என் வீட்டுக்காரரின் தம்பி, வடிவு அவன் மனைவி. கடல் தாண்டித் தென்கோடியில் வெலிங்டன் பக்கம் குடிவந்த நாளிலிருந்து தச்சு ஆட்களை வைத்து ஊருக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுக்கிறவன், இப்போது தனக்கென்று ஒன்று கட்டுகிறான். பிளான் நான் வரைந்தது. மரவீடுகளுக்குப் பிளான் வரைவதுதான் என் பிழைப்பு. வீடு கட்ட அனுமதி தருகிற கவுன்சிலுக்குப் போகும் ஒவ்வொரு தாளிலும் செண்பகவல்லி என்று என் பெயரும் என் பதிவு எண்ணும் இருக்கும்.

பாயசத்தைக் குடித்துக்கொண்டே போனை நீட்டினான். சங்கரன்கோவிலில் இருக்கிற வாஸ்துக்காரர் பிளானை வாட்ஸப்பில் பார்த்தாராம். வடகிழக்கு, அதாவது ஈசானிய மூலை, மூடிக் கிடக்கிறதாம். மூடிக் கிடந்தால் பிள்ளைக்கு ஆகாதாம்.

"மூலைல ரெண்டு பக்கமும் கண்ணாடி வச்சுத் தொறந்துரலாம் மதினி. நல்லா வெயிலும் விழும்."

"தம்பி, வேற எந்தச் சுவர வேணும்னாலும் தொடுங்க. அத மட்டும் தொடாதிய. அதான் பிரேசிங்."

"நாலு ஆணி கூட அடிச்சுக்கிடுவோம்," என்று சிரித்தான். என் வீட்டுக்காரர் சங்கரபாண்டியும் கூடவே சிரித்தார். இவர் எதற்குச் சிரிக்கிறார்? பஸ் கம்பெனியில் எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று அட்டவணை போடுகிறவருக்குச் சுவரைப் பற்றி என்ன தெரியும்?

அந்த வீட்டின் வடக்குப் பக்கம் முழுக்க வெயிலுக்காகக் கண்ணாடிக் கதவுகள், இங்கே வெயில் வடக்கிலிருந்துதான் விழும். அதுவும் கோமதி கேட்டதுதான். அதனால் அந்த வரிசையில் வீட்டைச் சாயாமல் பிடிக்க மிச்சம் இருப்பது மூலையில் உள்ள சுவர் மட்டும். கட்டைச் சட்டத்தின்மேல் பிளைவுட் அடித்து, அடியில் பிராக்கெட் வைத்துக் கான்கிரீட்டோடு போல்ட் போட்டு முடுக்கியது. பிரேசிங் தாளில் எந்தச் சுவர் எவ்வளவு காற்றைத் தாங்கும், எவ்வளவு நிலநடுக்கத்தைத் தாங்கும் என்று வரிசை வரிசையாக எழுதியிருக்கிறேன். அதை எழுதியது சுவரில் மாட்டி அழகு பார்க்க அல்ல.

வடிவுக்கு ஐந்தாம் மாதம். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து. மாவடு கேட்டாள், கொடுத்தேன்.

சாயங்காலம் கடையில் மஞ்சள் கம்பளி நூல் தள்ளுபடியில் கிடந்தது. நான்கு உருண்டை வாங்கினேன். தள்ளுபடி என்பதால் வாங்கினேன்.

ஏப்ரல் 20

வெட்டிவிட்டான்.

போகிற வழியில் சும்மா எட்டிப் பார்ப்போம் என்று போனேன். ஈசானிய மூலையில் சுவரே இல்லை. கிழக்குப் பக்கமும் வடக்குப் பக்கமும் இடுப்பு உயரத்துக்கு மேல் வெறும் ஓட்டை, நீலப் பிளாஸ்டிக் தாள் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கிறது. அறுத்தெடுத்த பிளைவுட் குப்பைத் தொட்டியில். பிராக்கெட் இரண்டும் தரையில் கிடந்தன, அவற்றைக் கால் இடறியே பார்த்தேன்.

"யாரக் கேட்டு வெட்டுனிய?"

"என் வீட்டுச் சுவர வெட்ட நான் யாரக் கேக்கணும் மதினி?"

அவனுடைய ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் நான் பேசிய பேச்சு புரிந்திருக்கும். வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். பிராக்கெட்டை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். கொடுத்தேன் என்று நாகரிகமாக எழுதுகிறேன். காலடியில் போட்டேன்.

ஏப்ரல் 21

யாரோடும் பேசவில்லை. இட்லி மாவு புளித்துவிட்டது. அதையும் யாரோடும் பேசவில்லை.

ஏப்ரல் 24

கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, இன்ஜினியரிடம் போய் அந்த மூலைக்கு இரும்புச் சட்டம் வடிவமைத்து வாங்குவது. இன்னொன்று, கண்ணாடியை மூலையை விட்டு நகர்த்திவிட்டு மூலையில் மறுபடி பிளைவுட் அடிப்பது. இரண்டையும் படம் போட்டுக் கோமதிக்கு அனுப்பினேன். இரண்டுக்கும் கவுன்சிலில் மாற்றம் எழுதிக் கொடுக்க வேண்டும், சில வாரம் ஆகும்.

உடனே போன் வந்தது.

"வைகாசி முகூர்த்தம் போனா அவளுக்கு ஏழாம் மாசம் பொறந்துரும். மாசமா இருக்கிறவள வச்சுக்கிட்டு ஏழுக்கு மேல பால் காய்ச்சக் கூடாதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். கோவில்பட்டியில் பிறந்த எனக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வாடகை வீட்டில் பிள்ளை பெற்றுக்கொண்டு பிறகு குடிபோனால் என்ன குடி முழுகிவிடும் என்றுதான் எனக்குத் தெரியவில்லை. ஏழாம் மாதத்துக்குப் பயப்படுகிறவன் தெற்கிலிருந்து அடிக்கிற காற்றுக்குப் பயப்பட மாட்டேன் என்கிறான். இந்த ஊரில் நிற்பவனைத் தள்ளிவிட்டுப் போகிற காற்று.

"கவுன்சில்காரன் வரும்போது பழைய தாளையே காட்டிக்கிடலாம்லா," என்றான். பழைய தாளில் அந்த மூலையில் சுவர் இருக்கிறது. வருகிறவனுக்குக் கண் இருக்காதா?

மே 3

நேற்றுப் பல் பிடுங்கப் போனேன். பாதி நாள் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்து வந்தால் வீடு பளபளவென்று இருக்கிறது. இவர் லீவு போட்டாராம். குளியலறை கழுவி, மிளகு ரசம் வைத்து, எனக்காகச் சோற்றைக் குழைய வடித்து வைத்திருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் குளியலறைப் பக்கம் பிரஷ்ஷோடு போனதை நான் பார்த்ததில்லை.

"ஒனக்கு ஒடம்புக்கு முடியலையேன்னு செஞ்சேன்," என்றார்.

ரசத்தில் உப்பு கொஞ்சம் தூக்கல். ஆனாலும் இரண்டு முறை வாங்கிக் குடித்தேன். மனது கொஞ்சம் இளகித்தான் போனது. என் பையில் இருந்த லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் எடுத்து வைத்திருந்தார். தூசு தட்டினாராம்.

மே 9, வியாழன்

கவுன்சிலிலிருந்து மெயில். நீங்கள் அனுப்பிய திருத்திய பிரேசிங் தாள் கிடைத்தது, ஏற்றுக்கொண்டோம், போர்டு அடித்த பிறகு பார்க்க ஆள் 20ஆம் தேதி வருவார்.

நான் எந்தத் தாளையும் அனுப்பவில்லை.

இணைப்பைத் திறந்து பார்த்தேன். என் தாள், என் எண், என் கையெழுத்து. மூலையில் கண்ணாடி. வடக்கு வரிசையில் சுவர் போய்விட்டதல்லவா, அதற்குப் பதிலாகச் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருக்கிற சுவரைத் தூக்கிக்கொண்டு வந்து வடக்குச் சுவர் என்று கணக்கில் எழுதியிருக்கிறார்கள். கூட்டினால் சரியாக வருகிறது. தாளின்மேல் எல்லாம் சரியாகத்தான் வரும். வீட்டின் நடுவில் இருக்கிற சுவர் ஓரத்தை எப்படிப் பிடிக்கும்? நடுவீட்டுத் தூணைக் காட்டி வாசல் கதவைப் பூட்டிவிட்டேன் என்பதுபோல இருக்கிறது.

இந்தத் தாளை யோசித்து எழுதியது கோமதி. அவனுக்குத்தான் இந்த அளவுக்குத் தெரியும், இந்த அளவுக்குத் தெரியாது. என் மெயிலிலிருந்து அனுப்பியது யார்? 2ஆம் தேதி காலை பத்தரைக்குப் போயிருக்கிறது. அந்த நேரம் நான் வாயில் மரத்துப்போகிற ஊசி போட்டுக்கொண்டு கிடந்தேன்.

யார் அனுப்பினார்கள் என்று இந்த நோட்டில் எழுதப் போவதில்லை. எழுதிவிட்டால் நாளைக் காலையில் அவருக்குக் காபி போட முடியாது.

மே 10

காபி போட்டேன். போட்டு, டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு மெயிலைக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் படித்தார். இரண்டு வரி மெயிலை அவ்வளவு நேரம் படிக்க என்ன இருக்கிறது?

"தம்பி கேட்டான். நீ எப்படியும் கடைசில சரின்னுதான் சொல்லுவன்னு நெனச்சேன்."

"நான் சரின்னு சொல்லலியே. வேண்டாம்னு வாய்கிழியச் சொன்னேனே."

"கூடப்பொறந்தவன் வீட்டுக்கு ஒரு கையெழுத்து. அதுக்குப் போய்..."

அதற்குப் பிறகு நான் கத்தினேன். பல் பிடுங்கிய இடத்தில் மறுபடி ரத்தம் வந்துவிட்டது. அவரும் கத்தினார். கடைசியில் ஒன்று சொன்னார். அதை எழுத மாட்டேன்.

மே 11

அவர் சொன்னதை எழுத மாட்டேன் என்று நேற்று எழுதினேன். இன்றும் எழுத மாட்டேன்.

துணி துவைத்தேன். காற்றில் கொடியோடு அறுந்து பக்கத்து வீட்டுக்காரர் ரோஜாச் செடியில் போய் விழுந்தது. இவருடைய சட்டைகள் மட்டும் கிழிந்தன. சந்தோஷம்.

மே 15

கவுன்சிலுக்கு மெயில் எழுதினேன். "அந்தத் தாள் நான் அனுப்பியதல்ல." அழித்தேன். மறுபடி எழுதினேன். அழித்தேன்.

அனுப்பினால் விசாரிப்பார்கள். யார் அனுப்பியது, யாருடைய கம்ப்யூட்டர், யாருடைய கணவர். இவருக்குப் பஸ் கம்பெனியில் வேலை இருக்குமா? பேசாமல் இருந்தால் 20ஆம் தேதி வருகிற கவுன்சில் ஆள் டேரன் தாளையும் மூலையையும் பார்ப்பார், இரண்டிலும் கண்ணாடி இருக்கும், பொருந்துகிறது என்று டிக் அடித்துவிட்டுப் போய்விடுவார். வேறு யாரும் கூட்டிப் பார்க்க மாட்டார்கள். இந்த நாட்டில் பிளான் வரைகிறவளின் கையெழுத்தை நம்புகிறார்கள், அதுதான் சங்கடம்.

கோவிலுக்குப் போனால் அங்கேயும் நாலு பேர். "கொழுந்தனார் வீட்டுப் பால்காய்ப்புக்கு நீங்கதான முன்ன நிக்கணும், ஏன் இவ்வளவு அமைதியா இருக்கீங்க?" அமைதியாம்.

மே 18, சனி

வடிவு வந்தாள். தனியாக, பஸ்ஸில், மூச்சு வாங்க. அவளை உட்கார வைத்து மோர் கொடுத்தேன். சோபாவில் கிடந்த நூலையும் ஊசியையும் மெத்தைக்குக் கீழே தள்ளினேன். அவள் பார்த்துவிட்டாள் என்றே நினைக்கிறேன்.

"அக்கா, அந்த மூலைலதான் தொட்டில் போடணுமாம். ஈசானியத்துல தூங்குனா பிள்ளைக்குப் புத்தி நல்லா இருக்கும்னு வாஸ்துக்காரர் சொல்லிட்டார். போடலாமாக்கா?"

இந்தக் கேள்வியை அவள் அவளுடைய புருஷனிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருக்கிறாள். மதினிக்குப் பொறாமை, அதைக் காதில் வாங்காதே என்றிருக்கிறான்.

சாமி விளக்குப் பக்கத்திலிருந்து தீப்பெட்டியை எடுத்தேன். எங்கள் ஊர்ப் பெட்டி, போன முறை வந்தவர்கள் கொண்டு வந்தது. குச்சிகள் இருக்கும் உள்பெட்டியை உருவிவிட்டு மேல்கூட்டை மட்டும் அவள் கையில் கொடுத்தேன்.

"பக்கவாட்டுல அமுக்கு."

அமுக்கினாள். சப்பென்று சாய்ந்துவிட்டது.

"இப்ப உள்பெட்டியப் போட்டுட்டு அமுக்கு."

அமுக்கிப் பார்த்தாள். சாயவில்லை. நாங்கள் இரண்டு பேரும் தீப்பெட்டி ஊர்க்காரிகள். அதற்கு மேல் நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் கோத்துவிட்டது.

"ஒங்க வீட்டுக்காரர்ட்ட நீயே சொல்லு வடிவு. அந்த வீட்டுக்கு வரமாட்டேன்னு சொல்லு. நீ சொன்னா நடக்கும்."

"நான் சொன்னா என்னைய ஊருக்கு அனுப்பிருவாகக்கா. இத்தன வருசம் கழிச்சு இப்பத்தான் அவுக என் மொகத்தப் பாத்து ஒழுங்காப் பேசுதாக. நீங்க சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா எடுபடும்."

எடுபடுமாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "அப்ப நீ நல்லவளா இருக்கணும், நான் கெட்டவளா இருக்கணும். அதான?" என்று கேட்டேன். மாசமாக இருக்கிறவளிடம் அப்படிக் கேட்டிருக்கக்கூடாது. அவள் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாக்கா," என்றாள்.

இப்படி நேராகச் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வது? பஸ் ஸ்டாப் வரைக்கும் குடை பிடித்துக்கொண்டு போய் ஏற்றிவிட்டு வந்தேன். தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மே 20, திங்கள்

போனேன்.

டேரன் ஏற்கெனவே வந்திருந்தார். ஐம்பது வயது மனிதர், நிதானமானவர், என் பிளான்கள் பலவற்றைப் பார்த்தவர். வணக்கம் சொல்லிச் சிரித்தார். கோமதி அவர் கூடவே கதவு கதவாகக் காட்டிக்கொண்டு வந்தான். என் வீட்டுக்காரரும் அங்கே நின்றார். வேலைக்குப் போகிறேன் என்று காலையில் சொல்லிவிட்டுக் கிளம்பியவர், பஸ் கம்பெனிச் சட்டையோடு தம்பி வீட்டில் நிற்கிறார்.

மூலையில் கண்ணாடி மாட்டியாகிவிட்டது. உள்ளே வெள்ளைப் போர்டு அடித்துப் பூசி, பெயிண்ட்டும் ஒரு கை. வெயில் அழகாகத்தான் விழுந்தது. வாஸ்துக்காரர் பார்த்தால் குளிர்ந்து போவார்.

டேரன் தாளைப் புரட்டி, மூலையைப் பார்த்து, பேனாவை எடுத்தார்.

"அந்தத் தாள் தப்பு," என்றேன் ஆங்கிலத்தில்.

"மதினி," என்றான் கோமதி. என் வீட்டுக்காரர், "செம்பகம், வேண்டாம்," என்றார். நான் அவரைத் திரும்பிப் பார்த்தது தப்பு. பார்க்காமல் இருந்திருந்தால் நினைத்து வந்ததை அப்படியே சொல்லியிருப்பேன்.

பழைய தாளை டேரன் கையில் கொடுத்தேன். நடுச்சுவரை வடக்கு வரிசையில் சேர்த்திருப்பதைக் காட்டினேன். அவர் பார்த்த உடனே புருவத்தைத் தூக்கினார். அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இதை யார் செய்தது?" என்று கேட்டார்.

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். கோமதி தரையைப் பார்த்தான். இவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

"நான்தான். அவசரத்தில் தப்பான தாளை அனுப்பிவிட்டேன். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்," என்றேன்.

டேரன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நம்பவில்லை. ஆனாலும் எழுதிக்கொண்டார். மூலையை இடித்துத் திரும்பக் கட்டாமல் குடிபோகக்கூடாது என்று கோமதியிடம் சொன்னார். என்னிடம், "இதை மேலே தெரிவிக்க வேண்டியிருக்கும், தெரியுமல்லவா?" என்றார். தெரியும் என்றேன்.

தப்பு செய்தவன் ஒருத்தன், துணை போனவர் ஒருத்தர், பழி என் எண்ணின்மேல். அதையும் என் வாயாலேயே ஏற்றுக்கொண்டு வந்திருக்கிறேன். எனக்கு என்னைக் கண்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

மே 26

இன்று முகூர்த்தம். பால் காய்ச்சவில்லை. நாள் முழுக்கக் காற்று. இவர் தம்பி வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தார். நான் தயிர்சாதம்.

இப்போதெல்லாம் காபி அவரே போட்டுக்கொள்கிறார்.

ஜூன் 7

கடிதம் வந்துவிட்டது. இன்னும் ஒரு வருஷத்துக்கு என் பிரேசிங் தாள் ஒவ்வொன்றையும் இன்னொரு ஆள் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கவுன்சில் வாங்குமாம். நேற்றுப் படித்து முடித்த பிள்ளைகளுக்குப் போடுகிற நிபந்தனை.

கடிதத்தை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். பால் எடுக்கும்போதெல்லாம் அவர் படிக்கட்டும்.

ஜூன் 16, ஞாயிறு

வடிவுக்கு இன்று வளைகாப்பு. தமிழ்ச் சங்க ஹாலில். நான் அழைக்கப்படவில்லை. சுவர் பிரச்சினை இல்லாமல் அழைத்திருந்தாலும் பின்வரிசையில்தான் உட்கார வைத்திருப்பார்கள், வளையல் போட நாலு பிள்ளை பெற்றவர்களைக் கூப்பிட்டிருப்பார்கள். இது எனக்குப் புதிதல்ல. ஒவ்வொரு வளைகாப்பிலும் பார்த்ததுதான்.

இவர் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு போனார். வாசல்படியில் நின்று, "நீயும் வாரியா?" என்று கேட்டார். கேட்ட விதத்திலேயே பதில் இருந்தது. நான் ஒரு கார் கொட்டகைக்குப் பிரேசிங் போட்டுக்கொண்டிருந்தேன். கார் கொட்டகை யாரையும் பின்வரிசையில் உட்கார வைப்பதில்லை.

சரி, எழுதிவிடுகிறேன். அன்றைக்கு அவர் சொன்னது இதுதான். "ஒரு பிள்ளையப் பெத்திருந்தா ஒனக்கு அவன் அவசரம் புரியும்."

இத்தனை டாக்டர் வாசலுக்கும் என்னோடு வந்தவர் அவர். யாரிடம் கோளாறு என்று அந்த டாக்டர்கள் சொன்னது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஊருக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று முடிவெடுத்ததும் நான்தான். மே 20 அன்று டேரன் முன்னால் "நான்தான்" என்று வாயில் தானாக வந்ததற்குக் காரணம் அந்தப் பழக்கம்தான்.

ஜூன் 29

கோமதி வேறு இரண்டு வரைவாளர்களிடம் போயிருக்கிறான். பிரச்சினை வந்த வீடு, முதலில் வரைந்தவரிடமே போ என்று சொல்லிவிட்டார்களாம். என்னிடம் நேராகக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. அண்ணனை அனுப்பியிருக்கிறான்.

இவர் சமையலறை வாசலில் நின்று கேட்டார். "வரைஞ்சு தருவியா?" என்றவர் கொஞ்சம் நிறுத்தி, "எனக்காக வேண்டாம்," என்றார்.

வரைந்தேன். இரண்டு நாள் உட்கார்ந்தேன். மூலையில் இரண்டு பக்கமும் பிளைவுட், பழையதைவிட நெருக்கமாக ஆணி, பழையதைவிடப் பெரிய பிராக்கெட். அதனால் சுவரின் அகலத்தைக் குறைக்க முடிந்தது, ஜன்னலை மூலைக்கு எவ்வளவு பக்கத்தில் கொண்டுவர முடியுமோ அவ்வளவு கொண்டுவந்தேன். காலை வெயில் தொட்டில்மேல் விழும். வாஸ்துக்காரருக்காகச் செய்ததல்ல.

சரிபார்க்க வேண்டிய அந்த இன்னொரு ஆள், என் வயதில் பாதி, ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டான். நன்றி சொல்லி அனுப்பினேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

ஜூலை 12

டேரன் போட்டோ அனுப்பியிருந்தார். போர்டு மூடுவதற்கு முன்னால் எடுத்தது. இரண்டு பிராக்கெட், போல்ட், ஆணிகள் வரிசையாக. "உங்களுக்குப் பார்க்கப் பிடிக்கும் என்று நினைத்தேன்" என்று ஒரு வரி. பிடித்தது. அந்தப் போட்டோவை மூன்று நான்கு தடவை பார்த்தேன். நாளைக்குப் போர்டு அடித்துவிட்டால் இனி யார் கண்ணுக்கும் தெரியாது.

ஆகஸ்ட் 22

பெண் பிள்ளை. குடும்ப வாட்ஸப்பில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எனக்கென்று யாரும் சொல்லவில்லை. மூக்கு வடிவு மாதிரி.

மஞ்சள் நூலில் பின்னுகிற ஸ்வெட்டருக்கு இன்னும் கை இரண்டும் பின்னவில்லை.

செப்டம்பர் 15

ஆவணி முகூர்த்தத்தில் பால் காய்ச்சிவிட்டார்கள். "வேணும்னா மதினியையும் கூட்டிட்டு வா" என்றானாம். வேணும்னாவா? எனக்கு வேண்டாம். அவர் போய்விட்டு வந்து ஒரு சின்னப் பாத்திரத்தில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தார். வடிவு கொடுத்துவிட்டாளாம். தின்றேன். நெய் கம்மி.

நவம்பர் 9, சனி

மதியம் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். முதலில் தூரத்தில் லாரி போவதுபோலச் சத்தம். அடுத்து வீடே ஒரு பக்கம் இழுபட்டது. அடுப்பை அணைத்துவிட்டு மேஜைக்குக் கீழே போனேன். இவரும் வந்து பக்கத்தில் ஒண்டிக்கொண்டார். என் கையைப் பிடித்தார். மே மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. அலமாரியிலிருந்து டப்பாக்கள் விழுந்துகொண்டே இருந்தன. ரொம்ப நேரம் ஆடியது.

நான் நினைத்தது எங்கள் வீட்டைப் பற்றி அல்ல.

ஆட்டம் நின்ற பிறகு போனைத் தேடினோம். தரையெல்லாம் துவரம்பருப்பு. குடும்ப வாட்ஸப்பில் எல்லோரும் நலமா நலமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தெருவில் ஒரு வீட்டின் கார் கொட்டகை சாய்ந்துவிட்டதாம். கொஞ்ச நேரத்தில் கோமதியின் குரல் வந்தது.

"நாங்க எல்லாம் நல்லா இருக்கோம். நம்ம வீட்ல ஒரு கீறல் கெடையாது, ஒரு கண்ணாடி ஒடையல. பாத்தியளா, ஒண்ணும் ஆகல. இதுக்குத்தான் மதினி அம்புட்டு ஆட்டம் ஆடுனாக. சும்மா கெடந்த மூலைய இடிக்க வச்சு, முகூர்த்தத்தக் கெடுத்து..."

கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்றும் ஆகவில்லையாம். அட முட்டாளே, ஒன்றும் ஆகாமல் இருப்பதற்குத்தானே அத்தனை பாடும். என் தொழிலே அதுதான். நான் ஒழுங்காக வேலை செய்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததைக் காட்டி, நீ எதற்கு இருந்தாய் என்று என்னையே கேட்பான்.

அந்தக் குரலுக்குக் கீழே ஒவ்வொருவராகக் கட்டைவிரல் போட்டார்கள். கோவில்பட்டியிலிருந்தும் போட்டார்கள். பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். அதில் சங்கரபாண்டியும் இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து பருப்பு பொறுக்கிக்கொண்டிருந்த அதே மனிதர். நான் போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவர் எழுந்து பின்பக்கம் போனார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது அவர் பெயர் அங்கே இல்லை. எடுத்துவிட்டார். எடுத்தால் ஆயிற்றா?

சாயங்காலம் வடிவிடமிருந்து எனக்கு மட்டும் ஒரு செய்தி. "அக்கா, தொட்டில் அந்த மூலைலதான் கெடந்துச்சு. பிள்ள முழிக்கக்கூட இல்ல."

பதில் போடவில்லை. அவள் புருஷன் சொன்னதும் ஒன்றும் ஆகவில்லை என்பதுதான், அவள் சொல்வதும் அதேதான். அவன் சொன்னதை ஊரே கேட்டது. அவள் சொன்னதை நான் மட்டும் படித்தேன். கோபம் கோபமாகத்தான் வந்தது. ஆனாலும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மெத்தைக்குக் கீழேயிருந்து ஸ்வெட்டரை எடுத்துப் பார்த்தேன். பிறந்த குழந்தை அளவு. இனி அந்தப் பிள்ளைக்கு அது கழுத்துக்குள்ளேயே நுழையாது. மொத்தமாகப் பிரித்துச் சுற்றிவிட்டேன். நாளைக்கு மறுபடி ஆரம்பிக்க வேண்டும், இரண்டு வயது அளவில். அந்த வீட்டுக்காரர்கள் என்னைக் கூப்பிட அவ்வளவு நாளாவது ஆகும்.